லயத்து வீட்டில் ஏஞ்சல் மீன்: வளர்ப்பதும் குஞ்சு எடுப்பதும்



சம்பளம் போட்ட மறுநாள் டவுனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். அரிசி, மா, சீனிப் பைகளுக்கு நடுவே ஒரு பிள்ளையின் மடியில் பொலித்தீன் பையொன்று இருக்கும். பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் நாலைந்து மீன். பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளை பையை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ளும். அந்த மீன்களில் எத்தனை அடுத்த சம்பளம் வரைக்கும் உயிரோடு இருக்கும் என்பதுதான் நம்முடைய கவலை.

சில காலத்துக்கு முன் ஒரு லயத்துக்குப் போயிருந்தோம். இஸ்தோப்பில் ஒரு கண்ணாடித் தொட்டி வெறுமையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டு மகனிடம் கேட்டோம்.

"ஆறு ஏஞ்சல் வாங்கியாந்தேன் சார். தொட்டி, மோட்டார் எல்லாம் புதுசு. தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு. அஞ்சாம் நாள் காலையில பார்த்தா ஆறும் கவுந்து கெடக்கு" என்றார்.

உள்ளேயிருந்து அவருடைய அம்மா, "கண்ணு பட்டுப் போச்சுங்க ஐயா. லயமே வந்து பார்த்துச்சுல்ல" என்றார்.

நாங்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் முதல் தொட்டியிலும் இதேதான் நடந்தது. அன்றைக்கு மீன் விற்ற கடைக்காரரை மனதுக்குள் திட்டினோம். குற்றம் கடையில் இல்லை, கண்ணூறிலும் இல்லை, எங்கள் அவசரத்தில்தான் இருந்தது என்பதைப் பிறகுதான் படித்துக்கொண்டோம். அப்படிக் கற்றதை உங்களுக்கும் சொல்லவே இந்தக் கட்டுரை.

சிக்லிட் என்றால் என்ன?

ஏஞ்சல் மீன் சிக்லிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஒஸ்கார், டிஸ்கஸ், பிளவர்ஹோர்ன், கடையில் மஞ்சள் மஞ்சளாக ஓடும் மலாவி மீன் எல்லாம் இதே குடும்பம்தான். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி விற்றுக்கொண்டு வருகிறார்களே திலாப்பியா, அதுவும் சிக்லிட்தான். திலாப்பியாவின் சொந்த இடம் ஆபிரிக்கா. 1952 இல்தான் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது.

நமது நாட்டில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் மீன்களும் உண்டு. களப்புகளிலும் தாழ்நிலத்துக் குளங்களிலும் வாழும், சிங்களத்தில் கொரலியா என்று சொல்லப்படும் மீன் அப்படிப்பட்டது. தென்னிந்தியாவிலும் அது இருக்கிறது. மற்றபடி இந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி ஆபிரிக்காவிலும், மத்திய, தென் அமெரிக்காவிலும் வாழ்கிறது. ஏஞ்சல் மீனின் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகை.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பல மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். சிக்லிட் அப்படிப் போகாது. முட்டைக்குக் காவல் இருக்கும், குஞ்சையும் காக்கும். திலாப்பியாத் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பாதுகாக்கும். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் சுரக்கும் வழுவழுப்பைத் தின்று வளரும். ஏஞ்சலில் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும். ஆகவே குஞ்சு எடுப்பதில் பாதி வேலையை மீனே செய்துவிடும். தண்ணீர், சூடு, அமைதி இந்த மூன்றையும் கொடுப்பதுதான் நம் வேலை.

எந்தத் தோட்டத்துக்கு எந்த மீன்?

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று குளிர், மற்றது தண்ணீரின் தன்மை.

ஏஞ்சல் மீனுக்கு 26 முதல் 28 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலும் கீழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஹீட்டர் இல்லாமல் முடியாது. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைக் குளிரில் இருப்பவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறோம்: ஹீட்டருக்குக் கரண்ட் காசு கட்ட முடியாவிட்டால் தங்கமீனை வளருங்கள். அது குளிரைத் தாங்கும், அழகுக்கும் குறைவில்லை.

அடுத்தது தண்ணீர். மலையகத்து ஊற்றுத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. சவர்க்காரம் போட்டவுடன் நன்றாக நுரைக்கிறதென்றால் அது மென்னீர் என்று அறிந்துகொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் வன்னீர். ஏஞ்சல் மீன் அமேசனில் மென்னீரில் பிறந்து வளர்ந்தது. எனவே நம்முடைய பீலித் தண்ணீர் அதற்குப் பொருத்தம். மலாவி மீன்களோ ஆபிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்தவை. அந்த ஏரித் தண்ணீர் வன்னீர். நிறத்தில் மயங்கி மலாவியை வாங்கி மென்னீரில் விட்டால் நாளடைவில் வாடிப்போகும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கடையில் இரண்டு அங்குலத்தில் ஒஸ்கார் குஞ்சு துருதுருவென்று இருக்கும். அது வளர்ந்தால் ஓரடி நீளம் வரும். பிளவர்ஹோர்னும் அப்படித்தான். இரண்டடித் தொட்டியில் அவற்றை வளர்ப்பது மாட்டைக் கோழிக்கூட்டில் கட்டுவது போல. முதல் தடவைக்கு ஏஞ்சல்தான் நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

தொட்டியும் இடமும்

60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 45 உயரமுள்ள தொட்டி ஒரு சோடிக்குப் போதும். ஏஞ்சலின் உடம்பு உயரமானது. அதனால் உயரம் குறைந்த தொட்டி வேண்டாம். இந்தத் தொட்டி 81 லீற்றர் கொள்ளும். விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால் ஏறக்குறைய 75 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் ஒரு மூடை அரிசியை விடப் பாரம். ஆகவே ஆடுகிற மேசையில் வைக்காதீர்கள். சுவரோரம் மட்டமான மேடை கட்டி, தொட்டிக்கு அடியில் ரிஜிபோம் அட்டை வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள்.

அடுப்புப் புகை படும் இடமும் வாசலுக்கு நேரே உள்ள இடமும் கூடாது. நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். ரி.வி. பெட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம், சத்தத்துக்கு மீன் மிரளும். காம்பராவில் ஒரு மூலை போதும்.

காற்று மோட்டாரும் ஸ்பொஞ் பில்டரும் வாங்குங்கள். விலை கூடிய பில்டர் தேவையில்லை. ஸ்பொஞ் பில்டர் மெதுவாக இழுப்பதால் சின்னக் குஞ்சுகளை உறிஞ்சாது.

கரண்ட் கணக்கு

இதைக் கணக்குப் போடாமல் ஹீட்டர் வாங்கி, பில் வந்ததும் தொட்டியையே கைவிட்டவர்கள் உண்டு. 75 லீற்றருக்கு 100 வொட் ஹீட்டர் பொருத்தம். அது சூடு சரியானதும் தானாக நிற்கும், குறைந்ததும் தானாக எரியும். குளிர்ப் பிரதேசத்தில் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1.2 அலகு. மாதத்துக்கு 36 அலகு. காற்று மோட்டார் 4 வொட் என்றால் மாதம் முழுக்க ஓடியும் ஏறக்குறைய 3 அலகுதான். ஆகச் செலவு ஹீட்டரில்தான் இருக்கிறது.

நமது நாட்டில் வீட்டுப் பாவனையில் அலகு கூடக் கூட, ஓரலகின் விலையும் படிப்படியாகக் கூடும். ஆகவே போன மாத பில்லை எடுத்து, அதில் உள்ள அலகுகளோடு 39 ஐக் கூட்டிப் பாருங்கள். எந்தப் படிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டு. தொட்டியின் பின்பக்கம், இரண்டு ஓரம் ஆகிய மூன்று பக்கமும் ரிஜிபோம் அட்டை ஒட்டுங்கள். மேலே கண்ணாடி மூடி போடுங்கள், காற்றுக்குச் சின்ன இடைவெளி இருந்தால் போதும். சூடு வெளியே போவது நன்றாகக் குறையும். மீனுக்கும் மறைவு கிடைக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஒட்டுப் போட்ட வயர் கூடாது. வயர் தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்குப் போகாமல், ஒரு முறை கீழே தொங்கி மேலேறிப் போக வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே எரியவிட்டால் அதன் கண்ணாடி வெடிக்கும்.

தண்ணீர் பழுக்க வேண்டும்

இனி அந்த ஆறு மீன் ஏன் செத்தன என்ற கேள்விக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மீன் சுவாசிக்கும்போதும் கழிக்கும்போதும் அம்மோனியா என்ற நஞ்சு தண்ணீரில் சேருகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அதே நஞ்சுதான். அதற்கு நிறமில்லை. அதனால்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தும் மீன் செத்துப் போகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் இந்த நஞ்சு ஓரிடத்தில் சேருவதில்லை. தொட்டித் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

இதற்கு மருந்து இயற்கையிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாக்கள் ஸ்பொஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் குடியேறும். ஒரு வகை அம்மோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அவ்வளவு கெடுதல் செய்யாது. கிழமைக்கு ஒரு தடவை கொஞ்சத் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறைந்துவிடும்.

இந்த இரண்டு வகையும் போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 கிழமை செல்லும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் ஆறு மீனை விட்டால், நஞ்சு அன்றைக்கே சேரத் தொடங்கும். அதைத் தின்ன வேண்டிய பக்ரீரியாவோ இன்னும் பிறக்கவே இல்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு கவிழும்.

கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே கூடையோடு போய் நிற்போமா? துளிர் வரும்வரை காத்திருக்கிறோம் அல்லவா? தொட்டியும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பில்டரையும் ஹீட்டரையும் ஓடவிடுங்கள். மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும், அதைத் தின்று பக்ரீரியா பெருகும். உங்களுக்குத் தெரிந்தவர் யாரிடமாவது நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால், அவருடைய பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் நோய்ப்பட்ட தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம்.

அம்மோனியாவும் நைத்திரைற்றும் பார்க்கும் சோதனைப் பெட்டி கிடைத்தால் வாங்குங்கள். இரண்டும் பூச்சியம் காட்டினால் தொட்டி தயார். சோதனைப் பெட்டி கிடைக்காவிட்டால் ஆறு கிழமை பொறுங்கள். பிறகு விலை குறைந்த மொலி மீன் இரண்டு மூன்றை விட்டு, இன்னும் இரண்டு கிழமை பாருங்கள். அவை சுறுசுறுப்பாக இருந்தால் ஏஞ்சலை வாங்கப் போகலாம்.

எந்தத் தண்ணீர்?

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் வாளியிலோ பீப்பாயிலோ 24 முதல் 48 மணித்தியாலம் திறந்து வையுங்கள். காற்று மோட்டாரின் குழாயை அதற்குள் விட்டால் இன்னும் நல்லது. குளோரின் மீனையும் கொல்லும், பக்ரீரியாவையும் கொல்லும்.

பீலித் தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டாலும் வேறொரு விஷயம் இருக்கிறது. தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள மலையில் புல்லு மருந்தோ பூச்சி மருந்தோ அடித்திருந்தால், அடுத்து வரும் மழையில் அது பீலிக்கு வரலாம். மருந்து அடித்த கிழமையில் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். மருந்து கலந்த வாளியை மறந்தும் தொட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. சவர்க்கார வாளியும் வேண்டாம். மீனுக்கென்று ஒரு வாளியைத் தனியாக வைத்து, அதில் பெயின்டால் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள்.

கிழமை வேலையும் தீனியும்

ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் போதும். தொட்டியில் கால்வாசித் தண்ணீரை ரப்பர் குழாயால் அடியிலிருந்து இழுத்து எடுங்கள். ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்பப் போடுங்கள். புதுத் தண்ணீரைக் கேத்தல் வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து மெதுவாக ஊற்றுங்கள். கை வைத்துப் பார்ப்பதைவிட வெப்பமானி நல்லது.

தீனி நாளுக்கு இரண்டு தடவை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும். கடைத் தீனியோடு, மண்புழுவைக் கழுவிப் பொடியாக நறுக்கிக் கிழமைக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கொசுப்புழு மீனுக்கு நல்ல தீனிதான். ஆனால் அதற்காகப் பழைய டின்னிலும் டயரிலும் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். மீனுக்குத் தீனி தேடப்போய் பிள்ளைக்கு டெங்கு வந்துவிடும்.

குளிர் பட்டால் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வரும். சூட்டை ஒரு நாளில் ஏற்றாமல், இரண்டு நாளில் மெல்ல மெல்ல 30 பாகைக்குக் கொண்டுவாருங்கள். காற்றைக் கூட்டி விடுங்கள். மருந்து போடுவதானால் போத்தலில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

கரண்ட் போனால்? 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் நாம் பட்ட பாடு நினைவிருக்கும். அப்படி நடந்தால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். வெந்நீர் நிரப்பிய போத்தலை இறுக மூடி மிதக்கவிடுங்கள். ஒரு கப்பால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றுச் சேரும். தீனி போடாதீர்கள்.

சோடி சேருதல்

ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். "இது சோடி தம்பி, எடுத்துட்டுப் போ" என்று யாராவது தந்தால் நம்பிவிட வேண்டாம். சின்னதாக ஆறு குஞ்சு வாங்கி ஒன்றாக வளருங்கள். பை மீனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

எட்டு, பத்து மாதத்தில் தானே சோடி சேரும். இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். ஏதாவது இலையையோ குழாயையோ வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அப்போது மற்ற நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இடம் இல்லாவிட்டால் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். முட்டையிடும் சமயத்தில் வயிற்றுக்குக் கீழே சின்னக் குழல் ஒன்று தெரியும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கி இருக்கும், ஆணுக்கு மெல்லியதாகக் கூர்மையாக இருக்கும். சில வேளை இரண்டு பெண் மீன் சோடி போல நடந்து முட்டையும் இடும். எல்லா முட்டையும் வெளுத்துப் போனால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.

முட்டையும் குஞ்சும்

ஒரு துண்டு பீ.வீ.சீ. குழாயைச் சாய்த்து வையுங்கள். அதில் முட்டை இடும். சாதாரணமாக 200, 300 முட்டை வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறிச் செட்டையால் விசிறும். வெளுத்த முட்டையை எடுத்துத் தின்றுவிடும், பூஞ்சணம் பரவாதிருக்க அது நல்லதுதான்.

27, 28 பாகைச் சூட்டில் இரண்டு, இரண்டரை நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. தலையிலுள்ள பசையால் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். கீழே விழுந்தால் தாயோ தகப்பனோ வாயில் கவ்விக்கொண்டு வந்து திரும்ப ஒட்டிவைக்கும். நாலைந்து நாளைக்குக் குஞ்சின் வயிற்றிலேயே மஞ்சள் கரு இருப்பதால் தீனி வேண்டாம். அதன் பிறகு மேகம் போலக் கூட்டமாக நீந்தத் தொடங்கும். அன்றைக்குத் தொடங்கி மூன்று, நான்கு வேளை தீனி வேண்டும்.

சிறந்த தீனி ஆர்ட்டீமியா. மீன் கடையில் அதன் முட்டை பொடி போலக் கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, சூடான இடத்தில் காற்றுவிட்டால் 24 முதல் 36 மணித்தியாலத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளது கீழே நிற்கும். கீழே உள்ளதை மெல்லிய குழாயால் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். அவித்த முட்டை மஞ்சளைத் துணியில் பிழிந்து கொடுப்பவர்களும் உண்டு. அது தண்ணீரைச் சீக்கிரம் கெடுத்துவிடும், வேறு வழியில்லாத போது ஒரு துளி மட்டும்.

முதல் தடவை, இரண்டாம் தடவை பெற்றோரே முட்டையைத் தின்றுவிடுவது வழக்கம். மனம் உடைய வேண்டாம், மீனையும் ஏச வேண்டாம். பழக்கம் இல்லாத சோடி அது. பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினாலும், இரவில் திடீரென்று வெளிச்சம் போட்டு அணைத்தாலும் அப்படிச் செய்யும். முட்டை உள்ள நாட்களில் முன்பக்கத்துக்கும் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். இரண்டு கிழமையில் திரும்பவும் முட்டை இடும்.

தொடர்ந்து தின்றுகொண்டே இருந்தால், முட்டையுள்ள குழாயை அதே தண்ணீரும் அதே சூடும் உள்ள சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். தண்ணீர் இளநீலமாகும் அளவுக்கு மெதிலீன் புளூ சில துளி விட்டு, முட்டைக்குப் பக்கத்தில் காற்றுக்கல்லை வையுங்கள். ஆனால் இதையே வழக்கமாக்கித் தாய் மீனை ஓயாமல் முட்டையிட வைக்காதீர்கள், மெலிந்து போகும்.

வாங்குபவரை முதலில் தேடுங்கள்

முந்நூறு குஞ்சை ஒரு தொட்டியில் வளர்க்க முடியாது. நெருக்கத்தில் செட்டை வளையும், நோய் வரும். முதல் தடவை 40, 50 குஞ்சுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் ஒரு நாணயம் அளவுக்கு உடம்பு வந்ததும் விற்கலாம்.

ஆனால் முட்டை எடுப்பதற்கு முன்பே டவுனில் உள்ள மீன் கடைகளுக்குப் போய், "அண்ணே, ஏஞ்சல் குஞ்சு தந்தா எடுப்பீங்களா? எந்த நிறம், எத்தனை, என்ன விலை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட், தீனி, ஆர்ட்டீமியாச் செலவு ஒரு பக்கம், கடைக்காரர் சொன்ன விலை மறுபக்கம் எழுதுங்கள். கையில் என்ன நிற்கும் என்று அப்போது தெரியும். இது சம்பளத்துக்குப் பதிலான தொழில் அல்ல. தொட்டிச் செலவைத் தானே ஈடுகட்டி, கொப்பி பென்சிலுக்குக் கொஞ்சம் மிஞ்சினால் நல்லதென்று கொள்ளுங்கள். கடன் வாங்கித் தொடங்கவே வேண்டாம்.

பெரிதாகச் செய்ய விரும்பும் இளைஞர்கள், 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். குருநாகல் மாவட்டத்தின் ரம்பொடகல்லையில் அதற்கு அலங்கார மீன் நிலையமொன்று உண்டு.

ஓடையில் விட வேண்டாம்

மிஞ்சிய குஞ்சைப் பாவம் என்று ஓடையில் விடுவது புண்ணியமல்ல. வாங்கிய மீன் பெரிதாகிவிட்டதென்று நீர்த்தேக்கத்தில் விடுவதும் அப்படியே. தொட்டி சுத்தம் செய்யவென்று கொண்டுவந்த உறிஞ்சு மீனும், அழகுக்கு வந்த கத்தி மீனும் இன்று நமது நாட்டு நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாக இருக்கின்றன.

ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பேர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத ஏறக்குறைய 200 வகைச் சிக்லிட் மீன்கள் காணாமல் போயின. மற்றக் காரணங்களும் உண்டு, ஆனால் நைல் பேர்ச்சே முக்கிய காரணம். விட்ட கை சின்னது, போனது திரும்பவில்லை. நம் மலை ஓடைகளிலும் வேறெங்கும் இல்லாத சின்னச் சின்ன மீன்கள் இருக்கின்றன. ஆகவே மிஞ்சியதைக் கடைக்குக் கொடுங்கள், பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குக் கொடுங்கள், பக்கத்து லயத்துக்குக் கொடுங்கள். ஓடைக்கு மட்டும் வேண்டாம்.

முடிவாக

சுருக்கிச் சொன்னால் நான்கு இடத்தில் பொறுமை வேண்டும். மீன் வாங்கும் முன் ஆறு கிழமை. சோடி சேரும்வரை எட்டு, பத்து மாதம். முட்டையைத் தின்றால் இரண்டு கிழமை. குஞ்சு எடுக்கும் முன் வாங்குபவரைத் தேடும்வரை. இந்தக் காத்திருப்புக்குக் காசு அதிகம் போகாது. காத்திராவிட்டால் போவது உழைத்த காசும் வாயில்லாச் சீவனின் உயிரும்.

அந்த லயத்துக்குத் திரும்பவும் போயிருந்தோம். கவிழ்த்து வைத்த தொட்டி இப்போது காம்பரா மூலையில், மூன்று பக்கம் ரிஜிபோம் ஒட்டி நிற்கிறது. மகன் ஆறு கிழமை பொறுத்து, மொலி விட்டுப் பார்த்து, பிறகுதான் ஏஞ்சல் வாங்கியிருக்கிறார். ஆறும் இருக்கின்றன. சோடி இன்னும் சேரவில்லை. "அவசரமில்ல சார்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கண்ணாடியைத் தட்டினால், முதலில் சத்தம் போடுவது அவருடைய அம்மாதான்.

உங்கள் தொட்டி அனுபவங்களையும் எழுதி, உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அடுத்தவருக்கு அது பாடமாகும்.